வாய்க்குள் ஒரு டேனரி

வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளுக்குத் தோல் உப்போடுதான் வந்து சேர்கிறது. ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உப்புத் தடவி மடித்து அடுக்கி லாரியில் இறங்கும். உள்ளே உப்பைக் கழுவி ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் போடுவார்கள். மயிர் கழன்றுவிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் சதையையும் கொழுப்பையும் இயந்திரம் சீவி எடுத்துவிடும். ரத்தத்தோடு வந்த புரதங்களும் மேல்தோலின் புரதங்களும் கழிவுநீரோடு போய்விடும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற வெள்ளைத் தோலில் இருப்பது, தண்ணீரைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய முழுக்க ஒரே ஒரு புரதம். அதன் பெயர் கொலாஜன்.

அழகு விளம்பரங்களில் பவுடராகவும் மாத்திரையாகவும் வலம் வரும் அதே கொலாஜன்தான். நம் உடம்பின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. தோல், எலும்பு, பல், தசைநாண், குருத்தெலும்பு, ரத்தக்குழாயின் சுவர், கண்ணின் கார்னியா என்று உடம்பு எங்கெல்லாம் இழுவையைத் தாங்க வேண்டுமோ அங்கெல்லாம் கொலாஜன் நிற்கிறது. 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தின் இந்த இரண்டு பெரிய ஊர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரு புரதத்தை நம்பியே பிழைத்து வருகின்றன.

பச்சைத்தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். பாக்டீரியாவின் நொதிகள் கொலாஜனை அறுத்துத் தின்றுவிடும். ஈரமாக வைத்துச் சூடேற்றினால் 60, 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டுகொள்ளும். இன்னும் காய்ச்சினால் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். பதனிடுதல் என்பது இந்த இரண்டையும் தடுக்கிற வேலை. குரோமியம் வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டை சமவெளிப் புதர்க்காடுகளிலிருந்து வந்தது. கடுக்காயை ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி மக்கள் இன்றும் பொறுக்கி, காயவைத்து, கீழே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இரண்டிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். டானின் மூலக்கூறுகள் கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து, இழையை இழையோடு பிணைத்துவிடும். அதன்பின் நொதிகளால் அதை எளிதில் அறுக்க முடியாது. சுருங்கும் வெப்பநிலையும் 75, 85 டிகிரி வரை ஏறிவிடும். குரோமியம் இன்னும் வலுவாகப் பிணைக்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அது சுருங்காது. டேனரிகளில் பதம் பார்க்கும் பழைய சோதனையே அதுதான்.

செத்த தோலில் இது உயர்ந்த கைத்திறன். உயிருள்ள உடம்பில் நடந்தால் நோய். அப்படி ஒரு நோய் நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களின் வாய்க்குள் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் கொலாஜன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான், அதுவும் தோல் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த மாதிரியை வைத்து.

கிண்டியில் அவிழ்ந்த முடிச்சு

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்றவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் வாங்கியிருந்தார். பேராசிரியரானபோது வயது முப்பது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இளைஞர் ஒருவரை நம்பித் துறையையே ஒப்படைத்தார். பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னது ராமச்சந்திரனின் மனதில் தைத்தது: கொலாஜனின் அமைப்புதான் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1951இல் ஓர் அமைப்பைச் சொல்லிப் பார்த்திருந்தார். அது சரிவரவில்லை.

1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொலாஜனைப் பற்றித் தோல்காரர்களைவிட யாருக்கு அதிகம் தெரியும்? அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் மாதிரி கிடைத்தது. வால் தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் ஒழுங்காகப் படிந்திருக்கும். அதனால் எக்ஸ்ரே படம் தெளிவாக விழும். ராமச்சந்திரனோடு சேர்ந்து படமெடுத்து உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

படத்தை மட்டும் வைத்து அமைப்பைச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு உதவியது ஒரு வேதியியல் தகவல். மாட்டுத்தோலோ மீன்தோலோ எலும்போ, எந்த உயிரின் கொலாஜனை எடுத்துப் பிரித்துப் பார்த்தாலும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாகவே இருந்தது. இருபது வகை அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. இவ்வளவு சிறிய ஒன்று, இவ்வளவு சரியான கணக்கில் எதற்கு? ராமச்சந்திரன் சொன்ன விடை இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூன்று புரதச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது அமினோ அமிலம் நடு அச்சைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அந்த நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

1954 ஆகஸ்ட் 7 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் அது வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளிவந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. மறுவருடம் அவர்களே அமைப்பைத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் இணையாக மட்டும் நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றியும் வருகின்றன என்றார்கள். ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியே இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்குகின்றன. கயிறு திரிப்பவர்களுக்கு இது புதிதில்லை. புரியை ஒரு திசையில் முறுக்கி, மூன்று புரிகளையும் எதிர்த்திசையில் சேர்த்தால்தான் கயிறு பிரியாமல் நிற்கும்.

இந்தச் சுற்றலுக்கான யோசனை ராமச்சந்திரனுக்கு நிலாவிலிருந்து வந்தது என்பார்கள். நிலா தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பூமியையும் சுற்றுகிறது. ஆனால் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. கொலாஜன் சங்கிலியும் அப்படித்தான், சுற்றிச் சுற்றி வந்தாலும் கிளைசின் முகம் எப்போதும் அச்சைப் பார்த்தே இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் போகிற மாணவர்களுக்கு அங்கே நிலாவைக் காட்டும் ஆசிரியர்கள் இந்தக் கதையையும் சொல்லலாம். மலைமேல் தெரிகிற வானமும் மலையடிவாரத்து டேனரியும் ஒரே மனிதரின் மூளையில் சந்தித்திருக்கின்றன.

இதற்குள் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் ஏறக்குறைய இதே அமைப்பைச் சில மாற்றங்களோடு வெளியிட்டார்கள். சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றோடொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றன, இயற்கை இதை அனுமதிக்காது என்பது அவர்கள் வைத்த குறை. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் சொன்னார், ஒன்றுதான் என்று அவர்கள் சொன்னார்கள். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிக அமைப்பு தெளிவாகக் கிடைத்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று உறுதியானது. அந்த நுணுக்கத்தில் கேம்பிரிட்ஜ் சொன்னது சரி. மூன்று சங்கிலி, மூன்றில் ஒன்று கிளைசின், சுற்றி முறுக்கிய சுருள் என்ற அடிப்படை சென்னையிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் பல வெளிநாட்டு நூல்கள் கடந்து போவது நியாயமே இல்லை.

ராமச்சந்திரன் அந்தக் குறையை மனக்கசப்பாக வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று கிடைத்த படிக அமைப்புகளையெல்லாம் அலசினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று பார்க்க அந்த வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்', அதாவது முச்சுருள், என்று பெயர்.

ஒரு கிளைசின் தவறினால்

இந்த அமைப்பில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. நடுவில் கிளைசினுக்கு மட்டும்தான் இடம் என்றால், கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

எலும்பிலும் தோலிலும் மிகுதியாக இருப்பது முதல்வகைக் கொலாஜன். மனித உடம்பில் அறியப்பட்ட 28 வகைகளில் இதுவே பெரும்பங்கு. இதன் ஒவ்வொரு சங்கிலியிலும் சுருளுக்குள் 1,014 அமினோ அமிலங்கள். அவற்றில் 338 கிளைசின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 338இல் ஒரு கிளைசினுக்குப் பதில் செரினோ சிஸ்டைனோ ஆர்ஜினினோ வந்துவிட்டால் போதும். மூன்று சங்கிலிகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி முறுக்கிக்கொண்டே வரும்போது அந்த இடத்தில் இடறி நின்றுவிடும். இப்படிப் பிறக்கிற குழந்தைக்கு எலும்பு கண்ணாடிபோல் முறியும். தூக்கினால் முறியும், டயாப்பர் மாற்றக் காலைத் தூக்கினாலும் முறியும். கண்ணின் வெள்ளை நீலம் பாரித்திருக்கும். சிலருக்குப் பல் பொடியும், வளர்ந்தபின் காது மந்தமாகும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்பது நோயின் பெயர். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று.

இதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு கணக்கு இருக்கிறது. முதல்வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 சங்கிலி இரண்டு, ஆல்ஃபா-2 சங்கிலி ஒன்று. ஆல்ஃபா-1 மரபணு நமக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று மட்டும் பழுது என்று வைத்துக்கொள்வோம். உருவாகிற சங்கிலிகளில் பாதி நல்லது, பாதி கெட்டது. ஒரு மூலக்கூறு நல்லதாக அமைய வேண்டுமானால் இரண்டு ஆல்ஃபா-1 சங்கிலியும் நல்லதாக இருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பாதி மரபணு கெட்டுப்போனால் முக்கால்வாசிக் கொலாஜன் கெட்டுப்போகிறது. அதே மரபணு அடியோடு வேலை செய்யாமல் போயிருந்தால்? அப்போது கெட்ட சங்கிலியே உருவாகாது. உருவாவது அளவில் பாதியாக இருந்தாலும் எல்லாமே நல்ல கொலாஜன். நோயும் லேசாகவே இருக்கும். கொலாஜனைப் பொறுத்தவரை இல்லாமையைவிடக் கோணல் மோசம்.

இன்னொரு வகையும் உண்டு. கொலாஜனின் மரபணு சரியாக இருக்கும், அதை மெருகேற்றி மடித்துக் கொடுக்கும் உதவிப் புரதங்களின் மரபணு பழுதாக இருக்கும். இது பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வெளிப்படும். அக்காள் மகள், மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் நம் வழக்கத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி எலும்பு முறிகிறது என்றால் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது அவசியம். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் அதற்கான பிரிவுகள் உண்டு. எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்பொனேட் ஊசியும், எலும்புக்குள் கம்பி பொருத்தும் அறுவைசிகிச்சையும் பல குழந்தைகளை நடக்க வைத்திருக்கின்றன. குழந்தையை அடித்துவிட்டார்கள் என்று பெற்றோர்மேல் பழி சுமத்துவதற்கு முன் அக்கம்பக்கத்தார் இந்த நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மற்ற வகைக் கொலாஜன்களுக்கும் தனித்தனி நோய்கள் இருக்கின்றன. மூன்றாம் வகை பழுதானால் ரத்தக்குழாய் கிழியும். நான்காம் வகை பழுதானால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படும். ஏழாம் வகை பழுதானால் தொட்ட இடமெல்லாம் தோல் கொப்பளித்து உரியும்.

பழைய தழும்பு திறந்தது

மரபணு சரியாக இருந்தும் கொலாஜன் கெடலாம். சங்கிலியில் இருக்கும் புரோலின் பலவற்றை உடம்பு ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றுகிறது. அதைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும், அந்த இரும்பு கெடாமல் இருக்க வைட்டமின் சி வேண்டும். இந்த மாற்றம் நடக்காத கொலாஜன் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்பின் வெப்பமோ 37 டிகிரி. அதாவது வைட்டமின் சி இல்லாதவரின் உடம்பில் உருவாகும் புதுக் கொலாஜன் முறுக்கு நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். அதுதான் ஸ்கர்வி. குளிர்ந்த கடல் மீன்களின் கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் குறைவு. குளிர்நீரில் வாழ்வதால் அவற்றுக்கு அது போதும்.

1740களில் ஜார்ஜ் ஆன்சன் நடத்திய பிரிட்டிஷ் கடற்பயணத்தின் பதிவில் ஒரு செய்தி வருகிறது. ஐம்பது வருடத்துக்கு முன் பாய்ன் போரில் காயம்பட்டு முழுக்க ஆறிப்போயிருந்த ஒரு கிழவருக்கு, கப்பலில் ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய காயம் மறுபடி திறந்துகொண்டது. ஒருபோதும் ஆறாத புண்போலத் தெரிந்தது. இதைப் படிக்கிறபோது உடம்பு சிலிர்க்கிறது. காரணம் எளிது. தழும்பும் கொலாஜன்தான். ஐம்பது வருடமாக உடம்பு அந்த இடத்தில் பழைய கொலாஜனை அறுத்துக்கொண்டும் புதியதைக் கட்டிக்கொண்டும் இருந்திருக்கிறது. கட்டுமானம் நின்றதும் அறுப்பு மட்டும் தொடர்ந்தது, காயம் வெளியே வந்தது.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறுவேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் சில நாட்களிலேயே தேறினார்கள். நம் மலைக்காட்டு நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. கொலாஜனுக்காகக் காசு செலவழிக்க நினைப்பவர்கள் அதை வாங்கித் தின்னலாம். கொலாஜன் பவுடரைக் குடித்தால் அது குடலில் செரித்துச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும்தான் ரத்தத்தில் சேரும். ஆட்டுக்கால் சூப்புக்கும் அதே கதிதான். முகத்துக்குப் போய் முழுசாக ஒட்டிக்கொள்ளும் என்பது விளம்பரம்.

ஆன்சன் கப்பலின் கிழவர் நமக்குச் சொல்வது இதுதான்: உடம்பின் கொலாஜன் ஒரு முறை கட்டி முடித்த சுவராக இருப்பதில்லை. தோலில் அது மாற ஆண்டுகள் ஆகும், குருத்தெலும்பில் ஆயுள் முழுக்க ஏறக்குறைய மாறாது, வாயின் உள்சவ்வில் மிக வேகமாக மாறும். கட்டுதல், அறுத்தல் இரண்டும் ஓடினால்தான் திசு இளக்கமாக இருக்கும். அறுக்க முடியாமல் போனாலும் நோய்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தத்தின் குளுக்கோஸ் கொலாஜனோடு ஒட்டிப் பிணைப்பைக் கூட்டுகிறது. பல வருடம் சர்க்கரை இருக்கும் சிலருக்குக் கைகூப்பிக் கும்பிடும்போது இரண்டு கை விரல்களும் முழுக்க ஒட்டாது, நடுவில் இடைவெளி விழும். மருத்துவர்கள் அதை ஓர் அடையாளமாகவே பார்க்கிறார்கள். குடியால் ஈரல் சுருங்குவதும், கல்தூசியால் நுரையீரல் இறுகுவதும் தேவையில்லாத இடத்தில் கொலாஜன் குவிந்துபோவதால்தான்.

பாக்கின் துவர்ப்பு

இனி வாய்க்கு வருவோம்.

1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஒரு விசித்திரமான வாய்நோயை ஷ்வார்ட்ஸ் என்பவர் பதிவு செய்தார். மறுவருடம் பம்பாயில் ஜோஷி என்ற மருத்துவர் அதே நோயை விவரித்து, சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர் வைத்தார். முதலில் காரம் பட்டால் வாய் எரியும். ரசம் சாப்பிட முடியாது, ஊறுகாய் தொட முடியாது. அப்புறம் கன்னத்தின் உட்புறம் வெளுக்கும். விரலால் தடவினால் கம்பிபோல நார்கள் தட்டுப்படும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும். இட்லியைப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டிவரும். நாக்கை வெளியே நீட்ட முடியாது. முற்றிய நிலையில் பல் மருத்துவரால் உள்ளே கருவியைக்கூட நுழைக்க முடியாது.

காரணம் பாக்கு. வெற்றிலையோடு போடும் பாக்கு, தனியாக மெல்லும் பாக்கு, பான் மசாலா, குட்கா, மாவா, சிறுவர்கள் பெட்டிக்கடையில் வாங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலம் எல்லாவற்றிலும் இருக்கிற பொதுப்பொருள். புகையிலை இல்லாவிட்டாலும் இந்த நோய் வரும். 'புகையிலை போடமாட்டேன், வெறும் பாக்குதான்' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாக்கு கொலாஜன்மேல் மூன்று பக்கமும் கைவைக்கிறது. அதில் இருக்கும் அரிக்கோலின் என்ற பொருள் கொலாஜனைச் சுரக்கும் செல்களைத் தூண்டி அதிகமாகச் சுரக்கவைக்கிறது. பாக்கில் செம்புச் சத்து அதிகம். கொலாஜன் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும் நொதி வேலை செய்யச் செம்பு வேண்டும். அந்தச் செம்பு வாய்ச்சவ்வுக்குக் கிடைத்ததும் பிணைப்பு கூடுகிறது. மூன்றாவது, பாக்கின் துவர்ப்பு. அது டானின். ஆவாரம்பட்டையிலும் ஜவ்வாது மலைக் கடுக்காயிலும் இருக்கிற அதே குடும்பத்துப் பொருள்.

1987இல் வெளியான ஓர் ஆய்வில் கொலாஜன் இழைகளையும் எலித்தோல் துண்டுகளையும் பாக்குச்சாற்றிலும் பாக்கின் டானினிலும் ஊறவைத்துப் பார்த்தார்கள். கொலாஜனை அறுக்கும் நொதியைச் சேர்த்தபோது அந்த இழைகள் மற்றவற்றைவிட அறுபடாமல் எதிர்த்து நின்றன. டேனரித் தொட்டியில் பட்டைச்சாறு பச்சைத்தோலுக்கு என்ன செய்கிறதோ அதையே பாக்குச்சாறு கன்னத்தின் சவ்வுக்குச் செய்கிறது. உடம்பு பழைய கொலாஜனை அறுத்து எடுத்துப் புதியதைக் கட்ட முடியவில்லை. புதியது மேலும் மேலும் குவிகிறது, பழையது பதனிட்ட தோலாக நிற்கிறது. வாய் இறுகிப்போகிறது.

தொட்டியில் ஊறவைத்த தோல் செத்த தோல், அதற்கு வேறு எதுவும் நடக்காது. வாய் உயிருள்ள திசு. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் கண்ட 66 பேரை 17 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள், 1985இல் முடிவு வந்தது. அவர்களில் 5 பேருக்கு, அதாவது 7.6 விழுக்காட்டினருக்கு, வாய்ப்புற்று வந்தது. கொலாஜன் அமைப்பைக் கண்டவர் பிறந்த ஊரும் அதுதான். பாக்கையே தனியாக எடுத்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதி செய்துவிட்டது. அதன்பிறகு இருபது வருடம் கடந்தும் பாக்குப் பொட்டலம் பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்குகிறது.

முந்தைய தலைமுறை வெற்றிலையில் மடித்து, உணவுக்குப் பின் ஒரு முறை போட்டுத் துப்பியது. அதில் இலையும் ஈரமும் இருந்தன, பாக்கின் அளவு குறைவு. சாஷே பொட்டலம் வந்தபிறகு கதை மாறியது. உலர்ந்த பாக்குத்தூள், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே அடக்கியபடி, நாள்முழுக்க. அதனால்தான் இன்று இந்த நோயோடு வருபவர்களில் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் அதிகம். தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013இல் தடை செய்யப்பட்ட பிறகும் திருட்டுத்தனமாக விற்பது நின்றபாடில்லை, வெறும் பாக்குக்குத் தடையே இல்லை. இரவுப்பணியில் தூக்கம் வராமலிருக்கவும், வாடையோடு வேலை செய்யும் இடத்தில் வாய் மணக்கவும் போடத் தொடங்குபவர்களைக் குற்றம்சொல்லிப் பயனில்லை. அந்தப் பழக்கத்தைப் பத்து ரூபாய்க்கும் குறைவாக விற்று வளர்ப்பவர்களையும், பள்ளிக்கூட வாசலில் இனிப்புத் தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களையும்தான் கேட்க வேண்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டோடு யாருக்கும் சண்டையில்லை. வாயில் அடக்கிவைத்து ஊறவைப்பதுதான் ஆபத்து.

சிகிச்சை இருக்கிறதா என்று கேட்டால், பாக்கை நிறுத்துவதே முதல் சிகிச்சை. ஸ்டீராய்டு ஊசியும், திசுவை இளக்கும் ஹயலூரோனிடேஸ் ஊசியும் போடுகிறார்கள். வாயைத் திறந்து திறந்து மூடும் பயிற்சி கொடுக்கிறார்கள். முற்றியவர்களுக்கு நார்களை அறுத்து, வேறு இடத்துத் திசுவை வைத்துத் தைக்கிறார்கள். இவற்றால் வாய் திறக்கும் அளவு கூடும், எரிச்சல் குறையும். ஆனால் ஒருமுறை பதனிட்ட சவ்வை முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இதுவரை இல்லை. அதனால் சிகிச்சை முடிந்தவர்களும் புற்றுநோய்க்காக ஆயுள்முழுக்கப் பரிசோதனைக்கு வரவேண்டும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் முதலில் தொடங்கியது. ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரியோடு திருப்பத்தூரும் அதில் ஒன்று. தோல் தொழிலின் மடியில் இருக்கும் இரண்டு மாவட்டங்களும் பட்டியலில் இருக்கின்றன. இந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது. ஷூ தொழிற்சாலைகளும் டேனரிகளும் தங்கள் தொழிலாளர்களை ஒருநாள் சம்பளம் பிடிக்காமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புதூர்நாடு போன்ற மலைக்கிராமங்களில் வாரச்சந்தை கூடும் நாளிலேயே முகாம் நடத்தினால் மக்கள் ஒரு நாள் கூலியை இழக்காமல் வந்து போவார்கள்.

வீட்டில் பாக்கு போடுபவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். நடுமூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான வாயில் மூன்றும் நுழையும். நுழையவில்லை என்றாலோ, சாப்பாட்டின் காரம் முன்பைவிட எரிந்தாலோ, கன்னத்தின் உள்ளே வெளுத்திருந்தாலோ, அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை உடனே பாருங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்காமல் பாக்கை அன்றே நிறுத்துங்கள்.